உஷார்! உங்கள் திரையில் வைத்த புள்ளி ஊருக்கே தெரிகிறது

“ஓஎம், உங்க நிவாரண முகாம் கடலுக்குள்ள மிதக்குதே, பாத்தீங்களா?”

காலை ஆறரை மணிக்கு வந்த போன். பேசியவர் திருநெல்வேலிப் பக்கத்து ஹாம் நண்பர், என்னைப் போலவே அமெச்சூர் வானொலிக்காரர். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் எங்கள் வட்டத்தில் வயது பாராமல் எல்லாரும் எல்லாருக்கும் ‘ஓஎம்’. தூக்கக் கலக்கத்தோடு மடிக்கணினியைத் திறந்தேன். உண்மைதான். பருவமழைக்கு முன் நடத்தவிருந்த ஒத்திகைக்காக முந்தின இரவு நான் குறித்து வைத்த முகாம்களில் இரண்டு, சென்னைக் கரையைத் தாண்டி வங்கக் கடலில் நின்றன. “எண்ணைத் தப்பா அடிச்சுட்டேன் போல, ஓஎம். திருத்திடுறேன்” என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

பல் துலக்கும்போதுதான் வயிற்றில் புளி கரைந்தது. முகாம் கடலுக்குப் போனது என் கைப்பிழை, சரி. ஆனால் என் மேசையில் இருக்கும் மடிக்கணினியின் வரைபடம் திருநெல்வேலியில் இருப்பவர் கண்ணுக்கு எப்படிப் பட்டது?

அந்த வரைபடத்தில் முகாம்கள் மட்டும் இருக்கவில்லை. யார் எங்கிருந்து கிளம்பி வருவார்கள் என்று என் வசதிக்காகத் தன்னார்வலர்கள் ஒன்பது பேரின் வீடுகளையும் குறித்திருந்தேன். பெயரோடு. அவர்களில் இருவர் தனியாக வசிக்கும் பெண்கள். முகாம்களை எண்களாக அடித்தேன், பிழையாகப் போயின. வீடுகளை மவுஸால் தொட்டுத் தொட்டு வைத்தேன், ஒன்றுகூடப் பிசகாமல் அந்தந்தத் தெருவிலேயே உட்கார்ந்தன. ஊருக்குத் தெரிய வேண்டியது தப்பாகவும், யாருக்கும் தெரியக் கூடாதது அச்சுப் பிசகாமலும் இரவு முழுக்க உலகத்துக்கு ஒலிபரப்பாகியிருந்தது.

ஹாம் வரைபட மென்பொருளில் சொந்த இடங்களைக் குறிக்கும் யாருக்கும் இது நேரலாம். உஷார்!

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஹாம் உலகில் வரைபடம் என்றாலே பெரும்பாலும் ஏபிஆர்எஸ்தான். அமெரிக்கக் கடற்படை அகாடமியில் பணியாற்றிய பாப் புருனிங்கா உருவாக்கிய முறை இது. 1982-ல் ஓர் ஆப்பிள் 2 கணினியில் கடற்படையின் இடத் தகவல்களை வரைபடத்தில் காட்டுவதற்கு அவர் எழுதிய நிரலில் இதன் வேர் இருக்கிறது. 1984-ல் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகள் எங்கே வருகின்றன என்று காட்ட, விக்-20 கணினிக்காக அதை மேம்படுத்தினார். இன்று வட அமெரிக்காவில் 144.390 மெகாஹெர்ட்ஸிலும் ஐரோப்பாவில் 144.800-லும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் ஹாம்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

வேலை செய்யும் விதம் எளிது. உங்கள் ரேடியோ ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை ‘சர்ர்’ என்ற ஓசையாக அனுப்பும். அதற்குப் பேக்கெட் என்று பெயர். அதில் உங்கள் அடையாளமான அழைப்புக் குறி, இருக்கும் இடம், வரைபடத்தில் காட்ட வேண்டிய படக்குறி, சிறு குறிப்பு எல்லாம் இருக்கும். மலைமேல் இருக்கும் டிஜிபீட்டர் அதைக் கேட்டு மறுபடி ஒலிபரப்பும். ஐகேட் என்ற நிலையம் அதை எடுத்து இணையத்தில் விடும். இணையத்தில் ஏறிவிட்டால் ஏபிஆர்எஸ்-எஃப்ஐ போன்ற தளங்கள் உலக வரைபடத்தில் காட்டும். ஹாம் உரிமம் இல்லாதவரும் செல்போனில் பார்க்கலாம். கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

இது குற்றமில்லை. முறையே அதற்காகத்தான் உண்டாக்கப்பட்டது. இப்போது, இந்த இடத்தில், எனக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை எல்லாருக்கும் காட்டுவதுதான் ஏபிஆர்எஸ்ஸின் பிழைப்பு. அதை நம் சொந்தக் குறிப்பேடு என்று நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

முதல் ஆபத்து: படலமா, ஆப்ஜெக்ட்டா?

வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்று, படலம். ஜிபிஎக்ஸ், கேஎம்எல், ஷேப்ஃபைல் போன்ற கோப்பில் உங்கள் இடங்களை எழுதி, அடிவரைபடத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்ததுபோல் விரிப்பது. இது உங்கள் திரையோடு நின்றுவிடும். எந்தெந்த மென்பொருள் எந்தெந்தக் கோப்பைத் திறக்கும் என்பது மாறும். லினக்ஸ்காரர்களுக்குப் பழக்கமான ஸாஸ்டிர், ஷேப்ஃபைல்களை நன்றாகவே வாசிக்கும்.

இன்னொன்று, ஆப்ஜெக்ட். வரைபடத்தில் தொட்டு, பெயர் கொடுத்து, படம் தேர்ந்தெடுத்து, ‘சரி’ என்று அழுத்துகிறீர்களே, அது ஆப்ஜெக்ட். பெயருக்கேற்ற மாதிரி அது ஒரு பொருளாக உங்கள் அழைப்புக் குறியின் பொறுப்பில் பிறந்துவிடும். ரேடியோ இணைந்திருந்தால் காற்றில் போகும், இணையம் இணைந்திருந்தால் சர்வருக்குப் போகும். ஒருமுறை போனதோடு முடியாது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கினாலும் போகும்.

நான் செய்தது இரண்டாவது. ரேடியோவை அணைத்துவிட்டேன், அதனால் எதுவும் வெளியே போகாது என்று நம்பினேன். மென்பொருள் இணையச் சர்வரோடு இணைந்திருந்ததை மறந்தே போனேன். ரேடியோ அணைந்தால் வாசல் கதவு மூடுகிறது, அவ்வளவுதான். கொல்லைக் கதவு திறந்தே கிடக்கும்.

இன்னொரு வலை. மூடிவிட்டுத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஸாஸ்டிர் தன் ஆப்ஜெக்ட்களை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது அதைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். போன வருடத்து ஒத்திகையின் முகாம் இந்த வருடப் புயல் நாளில் மீண்டும் எழுந்து வந்தால் என்ன ஆகும்?

இரண்டாவது ஆபத்து: கரையில் இருக்க வேண்டியது கடலில்

என் முகாம்கள் ஏன் கடலில் விழுந்தன என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

செல்போன் வரைபடம் சென்னை சென்ட்ரல் பக்கத்துப் புள்ளி ஒன்றை 13.0827, 80.2707 என்று காட்டும். இது தசம டிகிரி. ஏபிஆர்எஸ் பேக்கெட்டில் வழக்கமாக எழுதும் முறை வேறு: டிகிரியும் நிமிடமும், நிமிடத்துக்கு இரண்டு தசமத் தானங்களும். இங்கே நிமிடம் என்பது கடிகார நிமிடமில்லை, ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 0.0827-ஐ 60-ஆல் பெருக்கினால் 4.96. 0.2707-ஐ 60-ஆல் பெருக்கினால் 16.24. ஆக அதே புள்ளியை 1304.96 வடக்கு, 08016.24 கிழக்கு என்று எழுத வேண்டும்.

அவசரத்தில் நான் என்ன செய்தேன்? புள்ளியை மட்டும் நகர்த்தி 1308.27, 08027.07 என்று கோப்பில் தட்டிவிட்டேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. மென்பொருளும் மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்த எண்களின் பொருள் 13 டிகிரி 8.27 நிமிடம், 80 டிகிரி 27.07 நிமிடம். வடக்கே சுமார் 6 கிலோமீட்டர், கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடல்.

கடலில் விழுந்தது என் அதிர்ஷ்டம். பார்த்தவர் உடனே கூப்பிட்டார். உள்நாட்டு ஊர் ஒன்றில் இதே பிழை நடந்திருந்தால், புள்ளி வேறொரு ஊரில், வேறொரு தெருவில், சந்தேகமே வராத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம்.

இதைவிட நயவஞ்சகமான பிழை ஒன்று உண்டு. சில ஜிபிஎஸ் கருவிகள் 13 டிகிரி, 04 நிமிடம், 58 விநாடி என்று காட்டும். அதை அப்படியே 1304.58 என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். விநாடி வேறு, நிமிடத்தின் தசமம் வேறு. 58 விநாடி என்றால் 0.97 நிமிடம். பிழை சுமார் 700 மீட்டர். கடலுக்கும் போகாது, வேறு ஊருக்கும் போகாது. படகு மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போகும். வெள்ளத்தில் 700 மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்களிடம் கேளுங்கள்.

வரிசை மாறுவது மூன்றாவது வகை. கேஎம்எல் கோப்பில் முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. நாம் வாயால் சொல்வது நேர் எதிர் வரிசை. மாற்றிப் போட்டால் சென்னை சென்ட்ரல் 80 டிகிரி வடக்கு, 13 டிகிரி கிழக்குக்குப் போகும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே, பனிக்கடலில்! சிரிக்கலாம், ஆனால் சிரிப்பு வருவதற்கே முதலில் அது கண்ணில் பட வேண்டும். சென்னையை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, பனிக்கடலுக்குப் போன முகாம் வெறுமனே ‘காணோம்’ என்றுதான் தெரியும்.

ஜிபிஎஸ்ஸுக்குச் செயற்கைக்கோள் இன்னும் பிடிபடாத நேரத்தில் சில கருவிகள் பூஜ்யம், பூஜ்யம் என்று அனுப்பிவிடும். அந்தப் புள்ளி ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் இருக்கிறது. உலக வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ‘நிற்கும்’ கார்களின் கதை இதுதான்.

பழைய சர்வே வரைபடத் தாள்களிலிருந்து எண்களை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84 முறையில் வரையப்பட்டவை இல்லை. எவரெஸ்ட் என்ற பழைய அளவைக் கணக்கில் வரையப்பட்டவை. எண் சரியாக இருந்தும் இடம் நூறு மீட்டருக்கு மேல் விலகலாம்.

மூன்றாவது ஆபத்து: ஒன்பது எழுத்துக்குள் ஊர்

ஆப்ஜெக்ட்டின் பெயருக்கு ஒன்பது இடம்தான். குறைந்தால் வெற்றிடம் போட்டு நிரப்பும், கூடினால் வெட்டுப்படும். வேளச்சேரியை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், சரியாக ஒன்பது எழுத்து. ‘வேளச்சேரி-1’, ‘வேளச்சேரி-2’ என்று இரண்டு முகாம்களைப் பட்டியலிலிருந்து ஏற்றினால், வால் வெட்டுப்பட்டு இரண்டுமே ‘வேளச்சேரி’ ஆகிவிடும். ஒரே பெயரில் ஒரே நிலையத்திலிருந்து வரும் இரண்டாவது தகவலை மென்பொருள் எப்படிப் புரிந்துகொள்ளும்? ‘ஓ, முகாம் நகர்ந்துவிட்டது’ என்று. இரண்டு முகாம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே முகாம் இங்கும் அங்கும் குதித்துக்கொண்டிருக்கும். சென்னையில் மழை என்றாலே முதலில் பேசப்படும் பகுதி அது. அங்கேயா இந்த விளையாட்டு?

பொதுப் பெயர்களும் வினைதான். ‘கேம்ப்-1’ என்று நீங்கள் வைக்கலாம். பக்கத்து மாவட்டத்தில் இன்னொருவரும் வைக்கலாம். ஒருவர் போட்ட ஆப்ஜெக்ட்டை அதே பெயரில் இன்னொருவர் எடுத்துக்கொள்ள ஏபிஆர்எஸ் விதியிலேயே இடமுண்டு. முதலில் போட்டவரின் ரேடியோ பழுதானால் மற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி. பெயர் மோதினால் அதே விதி வில்லனாகிவிடும். பெயரின் தொடக்கத்தில் ஊருக்கோ குழுவுக்கோ உரிய இரண்டு மூன்று எழுத்துகளைச் சேருங்கள். எண்ணை முன்னால் கொண்டுவாருங்கள், வெட்டுப்பட்டாலும் எண் தப்பிக்கும்.

படக்குறியிலும் கண் வேண்டும். வீடு, கார், ஆம்புலன்ஸ், மருத்துவமனை, வானிலை நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. அவசரநிலைக்கும் தனிக் குறி உண்டு. ‘பார்க்கப் பளிச்சென்று இருக்கிறதே’ என்று அதை ஒத்திகைக்குப் போட்டால், எங்கோ ஒருவர் உண்மை என்று நம்பி ஓடி வருவார். ஒத்திகை என்றால் குறிப்பிலேயே ‘ஒத்திகை’ என்று எழுதுங்கள்.

நான்காவது ஆபத்து: உங்கள் வீட்டுக்கு வழி சொல்லும் வரைபடம்

ஏபிஆர்எஸ்ஸின் வழக்கமான எழுத்து முறையில் ஓர் இடம் சுமார் 18 மீட்டர் நுணுக்கத்தில் குறிக்கப்படுகிறது. தெரு தெரியும், கிட்டத்தட்ட வாசலும் தெரியும்.

வீட்டு நிலையத்தை மறைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தங்கள் காரை மறந்துவிடுகிறார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு ஓரிடத்தில் தொடங்கி மாலை ஏழு மணிக்கு அதே இடத்தில் முடியும் தடம் யாருடையது, அந்த இடம் எது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது, ‘வீடு பூட்டியிருக்கிறது, நான் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன்’ என்று காரே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகும். மாடியில் ஆன்டெனா நிற்கும் வீட்டில் விலை உயர்ந்த ரேடியோக்கள் இருக்கும் என்பதும் யாரும் அறியாத ரகசியமில்லை.

ஹாம் உலகத்துக்கு வெளியே நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓட்டப் பயிற்சிக்கான ஸ்ட்ராவா செயலி, பயனர்களின் தடங்களைச் சேர்த்து ஒரு வெப்ப வரைபடம் வெளியிட்டது. பெயர் எதுவும் இல்லை, வெறும் ஒளிக்கோடுகள். 2018 ஜனவரியில் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்: பாலைவன இருட்டில் தனியாக ஒளிர்ந்த கோடுகள், ராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிய பாதைகள்! ஏபிஆர்எஸ்ஸில் பெயர் தெரியாத ஒளிக்கோடு என்ற திரைகூடக் கிடையாது. ஒவ்வொரு புள்ளியோடும் அழைப்புக் குறி ஒட்டிக்கொண்டிருக்கும்.

‘அப்படியானால் பூட்டுப் போட்டு அனுப்பிவிடுவோமே’ என்று தோன்றலாம். முடியாது. செய்தியின் பொருளை மறைக்கும் நோக்கத்தில் குறியீடாக்கி அனுப்பக் கூடாது என்பது அமெச்சூர் வானொலியின் பொதுவிதி. ஆகவே மறைக்க வேண்டியது எதுவாக இருந்தாலும் அதற்கு ஹாம் அலைவரிசையில் இடமில்லை. நோயாளியின் பெயர், தன்னார்வலரின் வீடு, குழந்தைகள் தங்கியிருக்கும் முகாமின் விவரம், நிவாரணப் பொருள் குவித்து வைத்திருக்கும் கிடங்கு — இவையெல்லாம் காகிதத்திலோ உங்கள் திரையின் படலத்திலோ மட்டும் இருக்கட்டும்.

ஓரளவு தப்பிக்க ஒரு வழியை ஏபிஆர்எஸ் முறையே தருகிறது. இட எண்களின் கடைசி இலக்கங்களை வெற்றிடமாக விடலாம். இதை இடத் தெளிவின்மை என்பார்கள். கடைசி இரண்டு இலக்கத்தை விட்டால் ஒரு நிமிட அளவுக்கு, அதாவது சுமார் 1.8 கிலோமீட்டர் அளவுக்கு, இடம் மங்கும். ‘வேளச்சேரிப் பக்கம் இருக்கிறேன்’ என்று சொல்வது போல. வீட்டு நிலையத்துக்கு இது போதும். முகாமுக்கு மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்.

நம் நாட்டில் இன்னொரு கோணமும் உண்டு. 2021 பிப்ரவரியில் வெளியான புவிசார் தரவு வழிகாட்டுதல்கள் பழைய கட்டுப்பாடுகள் பலவற்றைத் தளர்த்தின. அதற்காக எந்த இடத்தையும் எப்படியும் குறிக்கலாம் என்று பொருளில்லை. பாதுகாப்பு நிலையங்களை வேடிக்கைக்காகக்கூட வரைபடத்தில் குறித்து ஒலிபரப்பாதீர்கள். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது.

ஐந்தாவது ஆபத்து: உங்கள் புள்ளிகள் மற்றவர் குரலை அமுக்கும்

ஏபிஆர்எஸ் வழக்கமாக ஓடுவது விநாடிக்கு 1200 பிட் வேகத்தில், எல்லாருக்கும் பொதுவான ஒரே அலைவரிசையில். 80 எழுத்துள்ள ஒரு பேக்கெட்டுக்கு, ரேடியோ நிலைப்படும் நேரத்தையும் சேர்த்தால், முக்கால் விநாடிக்குக் குறையாமல் ஆகும். 50 ஆப்ஜெக்ட்களை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் 40 விநாடி போய்விடும். ஒரு டிஜிபீட்டர் அதைத் திருப்பிச் சொன்னால் 80 விநாடி. நிமிடத்துக்கு இருப்பதோ 60 விநாடிதான்! உண்மையான ஆபத்தில் இருப்பவரின் ஒரே ஒரு பேக்கெட் இந்தக் கூச்சலில் நசுங்கிப் போகும்.

நகராத புள்ளி எதற்கு நிமிடத்துக்கு நிமிடம் கத்த வேண்டும்? டிஜிபீட்டர் வழியாகப் போகும் நிலையான ஆப்ஜெக்ட்டுக்கு அரை மணிக்கு ஒருமுறை போதும். ஊருக்குள் மட்டும் தெரிய வேண்டியதற்கு நீண்ட பாதை, அதாவது பல டிஜிபீட்டர்களைத் தாண்டும் வழி, கொடுக்காதீர்கள். வானலையில் மட்டும் போக வேண்டும், இணையத்தில் ஏறக் கூடாது என்றால் பாதையில் ‘நோகேட்’ அல்லது ‘ஆர்எஃப்ஒன்லி’ என்று சேர்க்கலாம். முறையாக அமைத்த ஐகேட்கள் அதை மதித்து விட்டுவிடும். ஆனால் அது வேண்டுகோள்தான், பூட்டு இல்லை.

ஆறாவது ஆபத்து: திரையில் தெரிவதெல்லாம் உண்மையா?

இதுவரை நீங்கள் அனுப்புவதைப் பற்றிச் சொன்னேன். உங்கள் திரைக்கு வருவதையும் அப்படியே நம்பாதீர்கள்.

ஏபிஆர்எஸ் இணையச் சர்வரில் நுழைய ஒரு பாஸ்கோடு கேட்கும். அதைக் கடவுச்சொல் என்று நினைப்பவர்கள் நிறைய. அழைப்புக் குறியின் எழுத்துகளை ஓர் எளிய கணக்கில் போட்டு எடுக்கும் எண் அது, அவ்வளவுதான். கணக்கு ஊரறிந்தது. உங்கள் அழைப்புக் குறி தெரிந்த எவரும் உங்கள் பாஸ்கோடைக் கண்டுபிடிக்கலாம், உங்கள் பெயரில் புள்ளியும் வைக்கலாம். வம்புக்கென்றே செய்பவர்கள் குறைவு. என்னைப் போல் அறியாமல் செய்பவர்கள் அதிகம்.

புள்ளியின் வயதையும் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு முன் கேட்ட புள்ளியும் இப்போது கேட்டதும் திரையில் ஒரே மாதிரி நிற்கலாம். சொடுக்கிப் பார்த்தால்தான் கடைசியாக எப்போது கேட்டது, யார் அனுப்பியது என்று தெரியும். ஆளை அனுப்பும் முன், படகை அனுப்பும் முன், மைக்கை எடுத்துக் குரலில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமான் தனித்துப் போனபோது, அங்கே ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு வானொலி வழியே வெளியுலகத்தோடு தொடர்பு கொடுத்தது. ‘ஹாம் சொன்னால் சரியாக இருக்கும்’ என்ற நம்பிக்கை அப்படிச் சேர்ந்தது. அந்த நம்பிக்கைதான் பொய்ப் புள்ளியை இன்னும் ஆபத்தாக்குகிறது: மக்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்றிரவே செய்யுங்கள்

1. மென்பொருளில் ‘ஒலிபரப்பை நிறுத்து’ என்ற தேர்வைத் தேடுங்கள். ஸாஸ்டிரில் மொத்த ஒலிபரப்பையும் நிறுத்தலாம், ஆப்ஜெக்ட்களை மட்டும் தனியாகவும் நிறுத்தலாம். புள்ளி வைக்கும் முன் நிறுத்துங்கள். வைத்து, சரிபார்த்து, தேவைப்பட்டால் மட்டும் திறந்துவிடுங்கள்.

2. இணையத்திலிருந்து வாங்க மட்டும் போகிறீர்கள் என்றால் பாஸ்கோடுக்குப் பதில் -1 என்று கொடுங்கள். சர்வர் உங்களுக்குத் தகவல் தரும், உங்களிடமிருந்து எதையும் ஏற்காது.

3. சொந்தக் குறிப்புகளை இரண்டு கோப்பாகப் பிரியுங்கள். ஊருக்குத் தெரிய வேண்டியவை ஒன்று, எனக்கு மட்டும் என்பவை இன்னொன்று. இரண்டாவதைப் படலமாக மட்டும் விரியுங்கள்.

4. பட்டியலை ஏற்றும் முன், இடம் உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு புள்ளியை ஏற்றிப் பாருங்கள். ரயில் நிலையம், கலங்கரை விளக்கம் என்று எதுவானாலும் சரி. அது தன் இடத்தில் உட்கார்ந்தால் மற்றவற்றை ஏற்றுங்கள்.

5. ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று கேள்வி: தசம டிகிரியா, டிகிரி-நிமிடமா, டிகிரி-நிமிடம்-விநாடியா? நிமிட இடத்தில் 60 அல்லது அதற்கு மேல் ஓர் எண் வந்தால் ஏதோ தப்பு.

6. எல்லாம் முடிந்த பிறகு, வேறொரு செல்போனில், வேறொரு இணைய இணைப்பில் பொது வரைபடத்தைத் திறந்து உங்கள் அழைப்புக் குறியைத் தேடுங்கள். ஊர் எதைப் பார்க்கிறது என்பதை அதுதான் காட்டும்.

ஏற்கெனவே போய்விட்டதா?

பதறி மடிக்கணினியை மூடாதீர்கள். மூடினால் மேற்கொண்டு அனுப்புவது நிற்கும். மற்றவர் திரையில் ஏறிய புள்ளி அங்கேயே கிடக்கும். ஆப்ஜெக்ட்டை மென்பொருளிலேயே ‘நீக்கு’ என்று கொடுக்க வேண்டும். அப்போது ‘இந்தப் பொருள் இனி இல்லை’ என்று ஒரு பேக்கெட் போகும். அதைக் கேட்ட மென்பொருள்கள்தான் புள்ளியை எடுக்கும். ஒருமுறை போனது எல்லார் காதிலும் விழும் என்று சொல்ல முடியாது, ஆகவே சில முறை போகும் வரை மென்பொருளைத் திறந்தே வையுங்கள். இணையத் தளங்களில் தேங்கிய பழைய பதிவு இதனால் அழியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் அன்று காலை அதைத்தான் செய்தேன். ஒன்பது வீடுகளையும் ஒவ்வொன்றாக நீக்கினேன். பிறகு ஒன்பது பேருக்கும் போன் போட்டேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எட்டுப் பேர் ‘பரவாயில்லை சார்’ என்றார்கள். தனியாக வசிக்கும் அந்தப் பெண்களில் ஒருவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எத்தனை மணி நேரம் சார் இருந்துச்சு?” என்று கேட்டார்.

ஏழு மணி நேரம். அதைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

கடலில் விழுந்த முகாமைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் திருத்தம் கிடையாது. உங்கள் மடிக்கணினி இப்போது திறந்திருந்தால், போய்ப் பாருங்கள்: உங்கள் மென்பொருள் இந்த நிமிடம் யாருடைய வீட்டை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது?